கோத்தகிரியில் ஒரு பழைய குருமனை: இரண்டு இரவுத் தங்கலும் ஆல்ஃபிரிஸ்டன் நினைவும்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில், பிரதான சாலையை விட்டு விலகி ஒரு கிலோமீட்டர் உள்ளே, தேயிலைச் சரிவின் நடுவில் நிற்கும் பழைய குருமனை (போதகர் குடியிருக்கும் வீடு) ஒன்றில் சென்ற கார்த்திகை மாதம் நானும் என் மனைவியும் இரண்டு இரவுகள் தங்கினோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிப் போதகர் ஒருவருக்காகக் கட்டப்பட்ட அந்த வீடு, பலர் கை மாறி, இப்போது கோயம்புத்தூரிலிருந்து குடிவந்த ஒரு தம்பதியிடம் இருக்கிறது. மூன்று அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடுகிறார்கள். ஓர் இரவுக்கு 3,500 ரூபாய், காலை உணவும் இரவு உணவும் அதில் அடக்கம். அவர்கள் விளம்பரம் செய்வதில்லை. இணையத்தில் பெயர் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரைத் தவிர்த்து, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மெத்தையையும் சாப்பாட்டையும் பற்றிக் குறைவாகவும், சுவரையும் கூரையையும் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் திருச்சபைப் போதகராக இருந்தவர். 'ஐயர் வீடு' என்று சபையார் சொல்லும் குருமனைகள் மூன்றில் என் சிறுவயது கழிந்தது. பிறகு கட்டட வரைவாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். குன்னூர்ப் பக்கம் நாங்கள் கடைசியாக இருந்த குருமனை இன்று இல்லை. கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கப் பணம் இல்லை என்று காரணம் சொல்லி அதை இடித்தவர்கள், அதே இடத்தில் அதைப் போலப் பல மடங்கு செலவில் கான்கிரீட் கட்டடம் எழுப்பினார்கள். அம்மா மாவு சலித்த பின்கட்டின் தேக்குக் கதவு லாரியில் ஏறியதை நான் நின்று பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு, பழைய குருமனை ஒன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் ஆயிற்று. தென்கடற்கரையில் ஈஸ்ட்போர்ன் நகரத்துக்கு அருகில், சசெக்ஸ் மாவட்டத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில், குக்மியர் என்னும் சிற்றாற்றின் கரையில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரத்தில் புனித அந்திரேயா ஆலயமும், அதை ஒட்டியே பழைய குருமனையும் நிற்கின்றன. 600 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் அதை வைத்தே அளக்கிறேன். கோத்தகிரி வீட்டையும் அப்படித்தான் அளந்தேன். ஆகவே ஆல்ஃபிரிஸ்டன் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குருமனை என்றதும் நம் மனத்தில் எழும் அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த சாளரங்களும் அங்கே இல்லை. கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் ஓரளவு வசதியுள்ள உழவர்கள் கட்டிக்கொண்ட ஒரு வகை வீடு அது; 'வீல்டன் கூடத்து வீடு' என்று அதற்குப் பெயர். நடுவில் தரையிலிருந்து கூரை வரை தடையின்றித் திறந்திருக்கும் ஒரு பெரிய கூடம். இரு முனைகளிலும் இரண்டிரண்டு அடுக்காக அறைகள். மேல் அடுக்கு கீழ்ச் சுவரைத் தாண்டி ஒரு முழம் அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முழு வீட்டுக்கும் ஒரே கூரை. முனைகள் முன்னே வந்து நடுக்கூடம் உள்ளே தங்கிவிடுவதால், நடுப்பகுதிக்கு மேல் கூரையின் இறவாணம் ஆழமாக நிழல் விழும்படி நீண்டு நிற்கிறது. அந்த நீண்ட இறவாணத்தைத் தாங்குவதற்கு இரு பக்கமும் வில்லாக வளைந்த கருவாலி (ஓக்) மரக் கைகள். வெளியே நின்று பார்க்கும்போது, வீடு தன் இரு தோள்களையும் முன்னே நீட்டி நெஞ்சுக்குள் ஒரு நிழலை அணைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அந்தக் கூடத்தின் நடுவில்தான் ஆதியில் அடுப்பு எரிந்தது. புகைபோக்கி கிடையாது, புகை மேலே எழுந்து வேய்ந்த கூரையின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். புகைபோக்கி பின்னாளில் வந்தது. நம்முடைய பழைய ஓலை வீடுகளில் அடுப்புப் புகை கூரையைக் கறையான் அரிக்காமல் காத்தது என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு நினைவுக்கு வந்தது. சாளரங்களில் கண்ணாடி இல்லாத காலம் அது. நெட்டுக்கு நிறுத்திய மரக் கம்பிகள், உள்பக்கம் மரத் தடுப்பு, அவ்வளவுதான். குளிர்நாட்டில் கண்ணாடி இல்லாமல் ஒரு போதகர் குளிர்காலத்தைக் கழித்தார் என்பதை ஊட்டியில் உறைபனி விழும் மார்கழி விடியலைப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

மரச் சட்டங்களின் கூட்டுத்தான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அறைந்திருக்கிறார்கள். பச்சை மரமாக இருக்கும்போதே வெட்டிக் கோத்ததால், மரம் உலர உலரச் சுருங்கி அந்த ஆணியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கதவருகே ஒரு தூணில் மர ஆணியின் தலை அரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், பட்டைபட்டையாக இருந்தது. சீவி வழவழப்பாக்க வேண்டிய தேவை அதைச் செய்தவருக்கு இருக்கவில்லை. சட்டங்களின் இடைவெளிகளைக் குச்சிகளால் தட்டி பின்னி, மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசி அடைத்திருக்கிறார்கள். வீட்டின் பாரம் முழுவதையும் மரம் சுமக்கிறது. மண் சுவர் குளிரை மட்டும் தடுக்கிறது. ஆகவே ஒரு பகுதி மண் உதிர்ந்தால் அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாக அப்பலாம், வீட்டுக்கு எதுவும் ஆகாது.

தரையைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். பக்கத்துக் குன்றிலேயே கிடைக்கும் வெண்சுண்ணக் கல்லைப் பொடித்துக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். பாலில் உள்ள புரதம் சுண்ணத்தோடு சேர்ந்து இறுகிப் பொடி எழும்பாமல் காக்கிறது. காலுக்கு அது சாணி மெழுகிக் காய்ந்த திண்ணையைப் போலவே மெத்தென்று இருந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கும் நம் கொத்தனார்களின் வழக்கத்தை அங்கே வழிகாட்டிய முதிய பெண்மணியிடம் நான் சொன்னபோது, அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறு ஏட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கூடத்தின் ஒரு மூலையில், மேல் சட்டத்தில் செதுக்கிய ஒரு கருவாலி இலையையும் அவரே காட்டினார். இன்று அந்த வீட்டைக் காக்கும் தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) இலச்சினையும் கருவாலி இலைதான். அந்தச் சிறு செதுக்கலே அதற்கு ஊற்றாக இருந்திருக்கலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு.

இந்த வீடும் இடிபடவிருந்த வீடுதான். 19ஆம் நூற்றாண்டில் அது குருமனையாக இல்லாமல் போய், ஏழைக் குடும்பங்கள் ஒண்டியிருக்கும் இடமாகித் தாழ்ந்து, இடிப்பதற்கான அனுமதியும் வந்துவிட்டது. அதைத் தடுக்க முன்வந்தவர் அவ்வூர்ப் போதகரான பெய்னன் என்பவர். பழங்கட்டடங்களைக் காப்பதற்காக வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தின் கதவைத் தட்டினார். அங்கிருந்து செய்தி தேசிய அறக்கட்டளைக்குப் போனது. ஆக்டேவியா ஹில் அம்மையார், ராபர்ட் ஹன்டர், போதகர் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவரும் அந்த அறக்கட்டளையைத் தொடங்கியது 1895இல். மறு ஆண்டே, 1896இல், 10 பவுண்டு கொடுத்து ஆல்ஃபிரிஸ்டன் குருமனையை வாங்கினார்கள். அந்த அறக்கட்டளை வாங்கிய முதல் கட்டடம் அதுவே. அரண்மனையும் கோட்டையும் நிறைந்த நாட்டில் அந்தப் பெருமை ஒரு கூரை வேய்ந்த குருமனைக்குக் கிடைத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

வாங்கிய விலையைவிடப் பழுது பார்த்த விதம்தான் பெரிது. ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் நடந்த அந்த வேலையில், பழையதைப் புதிது போலக் காட்டும் முயற்சி இல்லை. இற்றுப்போன மரத்தை மட்டும் மாற்றுவது, நிற்கிறதை நிற்கவிடுவது, புதிதாகச் சேர்த்தது புதிதாகவே தெரியும்படி விடுவது என்பவை மாரிஸின் சங்கம் வகுத்த நெறிகள். குன்னூரில் எங்கள் குருமனைக்கு இவற்றில் ஒன்றையேனும் யாராவது செய்திருந்தால் என்று அந்தக் கூடத்தில் நின்று நினைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் நின்றாள்.

வேய்ந்த கூரை என்றதும் தீயைப் பற்றிய கேள்வி எழும். நியாயமான கேள்வி. லிங்கன்ஷயர் மாவட்டத்து எப்வொர்த் குருமனை 1709இல் எரிந்தபோது, மேல்மாடிச் சாளரத்திலிருந்து காப்பாற்றப்பட்ட ஐந்து வயதுக் குழந்தைதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கம் கண்ட ஜான் வெஸ்லி. மரமும் கூரையுமாக இருந்த அந்த வீட்டுக்குப் பதிலாகச் செங்கல்லால் புதிய குருமனை எழுந்தது. அதுவும் இன்று வரை நிற்கிறது. நம் மலைக்கு வந்த போதகர்கள் மனத்தில் கொண்டுவந்தது பெரும்பாலும் இந்தப் பிற்காலச் செங்கல் வீட்டைத்தான்.

கோத்தகிரி வீடும் அந்த வழியில் வந்ததே. கருங்கல் அடித்தளத்தின் மேல் ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. ஓடுகள் மங்களூர் வகை; 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலைதான் மேற்குக் கரை முழுவதும் அந்த ஓட்டைப் பரப்பியது. முன்புறம் அகன்ற தாழ்வாரம், நடுவில் கூடம், இரு பக்கமும் இரண்டிரண்டு அறைகள். வரைபடமாக்கிப் பார்த்தால், நடுவில் பொதுக்கூடமும் முனைகளில் தனியறைகளும் என்ற ஆல்ஃபிரிஸ்டனின் ஒழுங்கு இங்கேயும் இருக்கிறது. போதகர் வீடு பாதி சபைக்கும் பாதி குடும்பத்துக்கும் உரியது. எங்கள் வீட்டிலும் கூடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அப்பா வரும்வரை அம்மா காபி கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தத் தேவையை ஏறக்குறைய 500 ஆண்டுகள் இடைவெளியுள்ள இரண்டு வீடுகளும் ஒரே விதமாகத் தீர்த்திருக்கின்றன.

உரிமையாளர் தம்பதியை நான் மனதாரப் பாராட்டுவது கூரைக்காக. கோத்தகிரி மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் இங்கே ஐப்பசி, கார்த்திகை வாடை மழைதான் அதிகம். நாங்கள் இருந்த முதல் இரவு விடாமல் பெய்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தகரம் போட்டுவிட்டால் கவலையில்லை என்று பலர் சொன்னபோதும் கேட்காமல், பழைய ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டி ஓசை பார்த்து, நல்லதைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். குறைந்ததை இடிபட்ட வேறு வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். கூடத்தின் உத்திரம் ஒன்றில் சுவருக்குள் போகும் முனை மட்டும் இற்றிருந்ததாம். முழு உத்திரத்தையும் தூக்கி எறியாமல், இற்ற இரண்டடியை அறுத்துவிட்டு, புதுத் தேக்கைச் சாய்வாக வெட்டி ஒட்டுப்போட்டு மர ஆணி அறைந்திருக்கிறார் ஆசாரி. அந்த ஒட்டுக்கு வண்ணம் பூசி மறைக்கவில்லை. பழைய மரம் கருத்தும் புதிய மரம் தேன் நிறத்திலும் இருக்க, இரண்டும் சேரும் சாய்கோடு சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே தெரிகிறது. "மறைச்சுடட்டுமான்னு ஆசாரி கேட்டார் ஐயா. வேண்டாம், தாத்தாவும் பேரனும் கைகோத்து நிக்கிற மாதிரி இருக்கு, அப்படியே விடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் ஆல்ஃபிரிஸ்டனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

கூடத்துக் கணப்பு வேலை செய்கிறது. சீகை விறகு போடுகிறார்கள். புகை உள்ளே திரும்பவில்லை. கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வெடித்துத் தெறிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த ஒரு கவனம். மேல் கூரைத் தட்டியைப் பிரித்துக் கைமரங்கள் தெரியும்படி விட்டிருந்தால் கூடம் இன்னும் நன்றாக இருக்கும் என்று முதலில் தோன்றியது. பிறகு, குளிரில் அந்தத் தட்டிதான் சூட்டைக் காக்கிறது என்று யோசித்து, அப்படியே இருப்பதுதான் சரி என்று முடிவுக்கு வந்தேன்.

குறை ஒன்று பெரிதாக இருக்கிறது. மேற்குப் பக்க அறையோடு சேர்ந்த குளியலறைக்காக, பழைய சுவரின் உள்புறத்தில் சிமெண்ட் பூசி ஓடு பதித்திருக்கிறார்கள். வெளிப்புறத்திலும் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பட்டை போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். இரண்டு பக்கமும் சிமெண்டால் மூடிவிட்டால் குடித்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது மேலே ஏறும். எங்கள் அறையில் கட்டிலின் தலைமாட்டில், சிமெண்ட் பட்டை முடியும் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு கோடாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் மாவு போல உதிர்ந்தது. நள்ளிரவில் அந்தப் பக்கமிருந்து ஈரமண் வாசனை வந்தது. என் மனைவிக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பதால் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் படுத்தோம். 3,500 ரூபாய் வாங்கும் அறையில் இது இருக்கக் கூடாது. வீட்டின் உயிருக்கும் அது நல்லதல்ல: இப்படியே விட்டால், இன்னும் சில மழைக்காலங்களில் அந்தச் சுவரின் செங்கற்கள் முகம் உதிரத் தொடங்கும்.

இதைக் காலையில் தயக்கத்தோடு சொன்னேன். வீட்டுக்காரர் தடுத்துப் பேசவில்லை. குளியலறை வேலையை மட்டும் அவசரத்தில் வேறு ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததாகவும், அதுமுதல் அந்தச் சுவர் காயவே இல்லை என்றும் ஒத்துக்கொண்டார். கூரை வேலையில் இருந்த கொத்தனாரை அன்றே வரவழைத்துவிட்டார். கொத்தனார் சிமெண்ட் பட்டையைச் சுத்தியலின் பின்புறத்தால் இரண்டு இடத்தில் தட்டினார். இரண்டு இடமும் பொள்ளென்று ஒலித்தன. "பிடிப்பே இல்லைங்க. உரிச்சா பாளம் பாளமா வந்துரும்" என்றார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. அவரைக் குழம்பும் ராகிக் களியும் முதல் இரவு, சோறும் கீரையும் ரசமும் மறுநாள். இரண்டுமே நன்றாக இருந்தன, இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தது என்பதைத் தவிர. வெந்நீருக்குத் தட்டுப்பாடில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் பாதை மழையில் சேறாகிவிடுகிறது. சிறிய கார்களைச் சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. வயதானவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஜீப் அனுப்புகிறார்கள். நேரம் இருப்பவர்கள் கோத்தகிரியிலேயே கன்னேரிமுக்கில், அந்நாளில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவனின் பழைய பங்களாவையும் பார்த்துவிட்டு வரலாம். பாழடைந்து கிடந்து பழுது பார்க்கப்பட்டு இன்று நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாக இருக்கும் வீடு அது. ஊட்டியில் 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்துக்குத் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனை உத்திரங்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே மலையில் நடந்ததுதான். ஒரு கட்டடத்தின் நல்ல மரத்தை இன்னொன்றில் வாழவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

தங்க விரும்புகிறவர்கள் கிழக்குப் பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். அதன் சுவர்களில் இன்னும் பழைய சுண்ணாம்புப் பூச்சே இருக்கிறது. அவ்வளவு மழையிலும் கை வைத்தால் உலர்ந்திருந்தது, காலை வெயில் நேரே கட்டிலில் விழுகிறது. மேற்கு அறையைத் தை முதல் மூன்று மாதம் யாருக்கும் விடப்போவதில்லை. சிமெண்டை உரித்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசிய பிறகுதான் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஈரம் படாதபடி குளியல் பகுதியைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித் தனித் தடுப்பாக அமைக்கும் வரைபடம் ஒன்றை நான் அங்கேயே தாளில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நாங்கள் புறப்படும்போது கொத்தனார் பின்கட்டில் கடுக்காய் ஊறவைப்பதற்கு ஏற்ற பானை தேடிக்கொண்டிருந்தார்.